பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் விளக்கு எரிகிறது, காலையில் இடது பக்கம் இறங்கி நிற்கிறது: கம்ப்ரசர் மாற்றலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறீர்கள். பதினோரு வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முன்பக்கம் சாதாரண சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் மட்டும் காற்று ஸ்பிரிங். வண்டியை எடுத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு சஸ்பென்ஷன் விளக்கு மஞ்சளாக எரிகிறது, அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது. சில நாள் காலையில் இடது பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நிற்கிறது, ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழுந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் கம்ப்ரசர், இரண்டு பெல்லோ (காற்று ஸ்பிரிங்கின் ரப்பர் பை), வால்வ் பிளாக் (இரண்டு பக்கத்துக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வுகளின் தொகுப்பு) எல்லாவற்றையும் மாற்ற எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுச் சுருள் ஸ்பிரிங் மாட்டச் சொல்கிறார். இந்த இரண்டில் எது சரி, சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று எந்த இடத்தில் போகிறது என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உங்கள் கேள்வியில் முக்கியமாகப் படுகிறது. அதைப் பார்த்தால் இரண்டு யோசனைக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் பொள்ளாச்சிக்கு மேற்கே, மீனாட்சிபுரம் போகும் வழியில் பட்டறை வைத்திருக்கிறேன். தொழில் பழகியது கோவையில், பஸ் வேலை செய்யும் இடத்தில். பெரிய பஸ்களில் காற்று ஸ்பிரிங் ரொம்ப நாளாக இருக்கிறது, அங்கே அதை பலூன் என்பார்கள். காரில் இருப்பதும் அதே ரப்பர் பைதான். பஸ்ஸில் ஒரு கம்பியும், உயரத்தைச் சரிசெய்யும் லெவலிங் வால்வும் செய்யும் வேலையை, காரில் சென்சாரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் செய்கின்றன.

விளக்கு எரிவதற்கு அர்த்தம் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பின்பக்கம் இடது, வலது சக்கரத்துக்கு ஒவ்வொன்றாக இரண்டு உயர சென்சார்கள் உண்டு. ஒரு சின்னக் கம்பி வழியாக, பாடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அவை கண்ட்ரோல் யூனிட்டுக்கு, அதாவது அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிக்கியில் மூட்டை ஏற்றினால் பாடி தாழும். யூனிட் கம்ப்ரசரை ஓட்டி, வால்வைத் திறந்து, பெல்லோவுக்குள் காற்றை ஏற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரும். மூட்டையை இறக்கினால் அதே வால்வ் வழியாகக் காற்றை வெளியே விடும். இத்தனை நேரத்துக்குள் இந்த உயரம் வர வேண்டும் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வரவில்லை என்றாலோ, கம்ப்ரசர் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்று நினைத்தாலோ, சென்சார் சொல்வது நம்பும்படி இல்லை என்றாலோ விளக்கைப் போடும். ஆகவே விளக்கு எந்தப் பாகத்தையும் குறிப்பிட்டுக் குற்றம் சொல்வதில்லை. நினைத்த உயரத்தைப் பிடிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறது.

நீங்கள் எழுதியதை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. வண்டி நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது என்றால், அந்தப் பக்கம் காற்று கசிகிறது. கம்ப்ரசர் எவ்வளவு மோசமாக இருந்தாலும், நின்றுகொண்டிருக்கும் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்க்காது. ராத்திரி முழுக்க அது ஓடுவதே இல்லை, காற்றைப் பிடித்து வைப்பது பெல்லோவும் குழாயும் வால்வும்தான். ஸ்டார்ட் செய்தால் எழுகிறது என்பதால் கம்ப்ரசர் இன்னும் சாகவில்லை. விளக்கு சாவி போட்ட உடனே வராமல் இருபது நிமிடம் கழித்து வருகிறது என்பதும் உதவியான தகவல். ஒயர் அறுந்தாலோ சென்சார் போனாலோ பெரும்பாலும் சாவி போட்ட கொஞ்ச நேரத்திலேயே விளக்கு வந்துவிடும். தாமதமாக வருவது, யூனிட் திரும்பத் திரும்பக் காற்றை ஏற்றிப் பார்த்து, ஏற்றியது நிற்காமல் கைவிடுவதன் அடையாளம். ஆக கசிவு உண்டு, அது இடது பக்கம். இதுவரை சந்தேகம் இல்லை.

சந்தேகம் இதற்கு அப்புறம்தான். இடது பக்கம் என்றால் மூன்று இடங்கள்: பெல்லோவின் ரப்பர், அதற்குப் போகும் மெல்லிய நைலான் குழாயும் அதன் இரண்டு முனையும், வால்வ் பிளாக்கில் இடது பக்கத்துக்கான வால்வ். இந்த வயதுள்ள வண்டியில் எனக்கு அதிகம் அகப்பட்டது பெல்லோதான், நம் பக்கத்து வெயிலில் ரப்பர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ஆனால் அதை நம்பி நீங்கள் பணம் கட்டக் கூடாது. போன வருடம் பாலக்காடு சித்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் ஒரு பெல்லோவும், அடுத்தடுத்து இரண்டு கம்ப்ரசரும் மாற்றியிருந்தார்கள். விளக்கு மட்டும் போகவில்லை. டிக்கிக்குக் கீழே, குழாய் பாடியோடு ஒட்டிப் போகும் இடத்தில் எலி கடித்திருந்தது. அரிசி அளவு கூட இல்லாத ஓட்டை. தென்னந்தோப்புக்குள் வீடு, வண்டி நிற்பது தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில். குழாயின் அந்தத் துண்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. அவர் செலவழித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

அதனால் முதல் வேலை, ஒரு டேப் எடுத்து அளப்பது. வண்டியைச் சமதளத்தில், டிக்கி காலியாக, ஸ்டியரிங் நேராக வைத்து நிறுத்துங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு என்று பின்பக்கம் இரண்டு பக்கமும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும், மையத்திலிருந்து அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை. அணைத்தவுடன் ஒரு அளவு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, காலையில் ஒன்று. காலை அளவைக் கதவையோ டிக்கியையோ திறப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். கதவு திறந்ததுமே யூனிட் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கும் வண்டிகள் உண்டு. நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: மெக்கானிக் வந்து கதவைத் திறந்து பார்க்கும்போது வண்டி மட்டமாக நிற்கும். இன்னும் சுத்தமான அளவு வேண்டுமென்றால், வண்டிக் கையேட்டைப் பார்த்து ஏர் சஸ்பென்ஷன் பியூஸை ராத்திரி கழற்றி வைத்துவிட்டு அளக்கலாம்.

இப்படி அளக்கும்போது ஒன்றைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கலாம். அது கசிவு இல்லை. சாயங்காலம் நிறுத்தும்போது பெல்லோவுக்குள் காற்று 38 டிகிரி என்றும், விடியற்காலை 24 டிகிரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று சுருங்கும். அந்த வித்தியாசத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு நாலரை பங்கு சுருக்கம் வரும், அதற்கு ஏற்ப வண்டி கொஞ்சம் உட்காரும். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு பக்கம் பகலும் விடியலும் எவ்வளவு மாறும் என்று உங்களுக்கே தெரியும். நாம் தேடுவது, ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. வலது 5, இடது 40 என்று வந்தால் பேச்சே இல்லை.

அளவு கிடைத்த பிறகு சோப்புத் தண்ணீர். பாத்திரம் விளக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, பெல்லோவின் கீழ் மடிப்பு, குழாய் வந்து சேரும் யூனியன், குழாய் போகும் வழி, வால்வ் பிளாக்கின் முனைகள் என்று வரிசையாக அடிக்க வேண்டும். மழை இல்லாத நாளாகப் பாருங்கள், நனைந்த அடிப்பாகத்தில் குமிழி கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் வெடிப்பது பெரும்பாலும் பெல்லோ மடிந்து உருளும் அந்தக் கீழ் மடிப்பில்தான். வண்டி தாழ்ந்திருக்கும்போது அந்த வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், உயர்ந்திருக்கும்போது விரியும். அதனால் ஒரே உயரத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கசிவு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சின்னக் கசிவு நுரை மாதிரி மெதுவாகத்தான் வரும், அடித்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. காற்று ஸ்பிரிங் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடக் கூடாது. பஸ் பட்டறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். டயரில் காற்றழுத்தம் பெரும்பாலும் இரண்டரை பார் (அழுத்தத்தின் அளவு) பக்கம்தான் இருக்கும். பெல்லோவுக்குள் ஏழெட்டு பார் வரை இருக்கலாம், அதாவது டயரைப் போல மூன்று மடங்கு. யூனியனை ஒரு சுற்று அதிகமாகத் தளர்த்தினால் குழாய் சாட்டை மாதிரி வெளியே வரும், பாடி அந்தக் கணமே கீழே உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் பாடிக்குக் கீழே ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். இன்னொரு விஷயம், ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் தொங்கும். பாடி ரொம்ப உயர்ந்துவிட்டது என்று யூனிட் நினைத்து, காற்றை வெளியே விட்டுவிடலாம். அப்புறம் ஜாக்கியை இறக்கினால் காலியான பெல்லோ மேல் முழுப் பாரமும் உட்காரும், ரப்பர் தப்பாக மடிந்து கிழியும். நல்ல பெல்லோ இப்படிப் பஞ்சர் கடையில் டயர் கழற்றும்போது பாழானதை நான் பார்த்திருக்கிறேன். ஜாக்கி போடும் முன் கையேட்டில் சொன்ன ஜாக்கி மோடைப் போடுங்கள், அது இல்லாவிட்டால் பியூஸைக் கழற்றுங்கள்.

சோப்புத் தண்ணீரில் எதுவும் அகப்படவில்லை, ஆனால் இடது பக்கம் இறங்குவது நிற்கவில்லை என்றால் வால்வ் மேல் சந்தேகம் போகும். அதற்குப் பட்டறையில் ஒரு எளிய வழி இருக்கிறது. காற்றை முறையாக வெளியேற்றிவிட்டு, வால்வ் பிளாக்கில் இடது குழாயையும் வலது குழாயையும் இடம் மாற்றிச் சொருக வேண்டும். ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) கட்டளை கொடுத்து இரண்டிலும் காற்று ஏற்றிவிட்டு, யூனிட் குறுக்கே வராமல் இருக்கப் பியூஸைக் கழற்றி ராத்திரி விட்டுவிடுவோம். காலையிலும் இடது பக்கமே இறங்கியிருந்தால் கோளாறு பெல்லோவில் அல்லது குழாயில். இறக்கம் வலது பக்கத்துக்கு மாறியிருந்தால் வால்வில். இதை வீட்டில் செய்ய வேண்டாம், ஆனால் செய்து பார்த்தீர்களா என்று மெக்கானிக்கிடம் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு இந்த வேலை தெரியுமா என்று விளங்கிவிடும்.

கம்ப்ரசருக்கு வருகிறேன். அது விட்டு விட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கசிவு இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகும், பிஸ்டன் ரிங் தேயும், ஒருநாள் நின்றுவிடும். கம்ப்ரசர் செத்ததால் வண்டி இறங்கியது என்று நினைத்து அதை மட்டும் மாற்றினால், பழைய கசிவு புதுக் கம்ப்ரசரையும் தின்றுவிடும். கசிவை அடைத்த பிறகுதான் கம்ப்ரசரைச் சோதிக்க வேண்டும். சோதிப்பதும் கஷ்டமில்லை. இன்ஜினை ஓடவிட்டு, டிக்கி விளிம்பில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் சத்தம் கேட்டு, அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் பின்பக்கம் எழுந்தால் அதற்குத் தெம்பு இருக்கிறது. சத்தம் மட்டும் நீளமாக வந்து எழும்பவே திணறினால் தேய்ந்துவிட்டது. கூடவே காற்று இழுக்கும் பில்ட்டரையும் பாருங்கள். நம் ஊரில் கயிறு மில்லும் தென்னை நார் களமும் உள்ள ரோட்டில் தினமும் போகும் வண்டிகளில் அதில் நார்த் தூள் அடைத்துக்கிடந்ததை நான் பலமுறை எடுத்திருக்கிறேன். கம்ப்ரசரோடு ஒரு டிரையரும் உண்டு, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் உள்ளே இருக்கும். கசிவால் ஓயாமல் ஓடும்போது அந்த மணிகளுக்கு உலர நேரம் கிடைக்காது, ஈரம் வால்வ் பிளாக்குக்குள் போய்த் துருவாகும். பழைய வண்டிக்குக் கம்ப்ரசர் மாற்றவே வேண்டியிருந்தால் ரிலேயையும் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். விலை குறைந்த பொருள்தான், ஆனால் அதன் முனை ஒட்டிக்கொண்டால் வண்டியை அணைத்த பிறகும் மோட்டார் ஓடி, பேட்டரியையும் காலி செய்து தன்னையும் எரித்துக்கொள்ளும்.

பேட்டரி, சென்சார், ஸ்கேனர் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி நிறுத்தி வைத்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 12.2க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வோல்ட் குறைந்தால் யூனிட் கம்ப்ரசரை ஓட விடாது. சென்சார் கம்பியின் முனையில் உள்ள சின்ன உருண்டை மூட்டு துருப்பிடித்தால் ஒரு பக்கம் தவறான உயரம் காட்டும், ஆனால் அப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் ஓடும்போதும் கோணலாகவே நிற்கும். உங்களுடையது மட்டமாகிவிடுவதால் அதற்கு வாய்ப்பு குறைவு. கடையில் கிடைக்கும் சின்ன ஓபிடி ரீடர் (வண்டி பதிவு செய்யும் கோளாறு எண்களை, அதாவது 'கோடு'களைப் படிக்கும் கருவி) பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன் யூனிட்டைப் பேசவைக்க அந்தக் கம்பெனி வண்டிக்கு ஏற்ற ஸ்கேனர் வேண்டும். சேஸிஸ் (சஸ்பென்ஷன், பிரேக் போன்றவை) கோளாறுகளுக்கான கோடு 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். சர்வீஸ் சென்டரில் எடுத்த அந்தக் கோடுகளை எழுதி வாங்குங்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

எஸ்டிமேட்டைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். இரண்டு பெல்லோவையும் மாற்றச் சொன்னதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். இடது பெல்லோதான் வெடித்தது என்று உறுதியானால், அதே வயதுள்ள வலது பெல்லோவும் அதிக நாள் தாங்காது, கையில் பணம் இருந்தால் ஜோடியாக மாற்றுவதே நல்லது. ஆனால் கம்ப்ரசரையும் வால்வ் பிளாக்கையும் சோதிக்காமலே பட்டியலில் சேர்த்ததை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோவை உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைகளில் சென்சார், பிராக்கெட் போன்றவை தைரியமாக வாங்கலாம். பழைய பெல்லோ மட்டும் வேண்டாம், கழற்றி வெயிலில் கிடந்த ரப்பருக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. டியூப் பஞ்சர் ஒட்டுப் போடுவது, டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவத்தை உள்ளே விடுவது இரண்டுமே கூடாது. ஒட்டு, மடிப்பு உருளும்போது பிய்ந்துவிடும். திரவம் வால்வ் பிளாக்குக்குள் போனால் அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நண்பர் சொன்ன சுருள் ஸ்பிரிங் முறை நடக்காத ஒன்றில்லை. வெளிநாட்டில் அதற்கென்றே கிட் விற்கிறார்கள். ஆனால் மாட்டியதோடு வேலை முடியாது. யூனிட்டின் புரோகிராமை மாற்றாவிட்டால் விளக்கு எப்போதும் எரியும், பாரம் ஏற்றும்போது பின்பக்கம் உட்காருவதை எதுவும் தடுக்காது, அந்த வண்டிக்குப் பொருந்தாத ஸ்பிரிங் போட்டால் வளைவில் பிடிப்பு மாறும். விற்கும்போது விலையும் குறையும். எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் போன, விலை மதிப்பு இறங்கிய பழைய வண்டிக்கு நான் அதைப் பரிசீலிப்பேன். ஒரு பக்கக் கசிவுக்கு மாட்டச் சொல்ல மாட்டேன்.

சரிசெய்யும் வரை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விளக்கு மஞ்சள், வண்டி மட்டமாக நிற்கிறது என்றால் டிக்கியைக் காலியாக வைத்து, பள்ளம் மேட்டில் நிதானமாகப் பட்டறை வரை போகலாம். நெல்லியாம்பதி மாதிரி மலை ரோட்டுக்கு இப்போது வேண்டாம். பின்பக்கம் தாழ்ந்திருக்கும்போது ஹெட்லைட் மேலே தூக்கி எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும், பின் டயர்களின் உள்விளிம்பும் சீக்கிரம் தேயும். இடது பக்கம் முழுக்க உட்கார்ந்து எழவே இல்லை என்றாலோ, விளக்கு சிவப்பாக மாறினாலோ ஓட்டாதீர்கள். பின்சக்கரம் தரையில் உருளாதபடி முழு வண்டியையும் மேலே ஏற்றும் ரெக்கவரி வண்டியை வரவழையுங்கள்.

இரண்டு ராத்திரி அளவு எடுத்து, வலது இடது எண்களையும் சர்வீஸ் சென்டர் கோடுகளையும் இங்கே எழுதுங்கள். வண்டியை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள், பக்கத்தில் தேங்காய் மட்டை, விறகு ஏதாவது அடுக்கியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.